வெள்ளிக்கிழமை விரால் குழம்பு

“நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்றாங்களாம். பிள்ளைய ரெடியா வைக்கச் சொன்னாங்க. சாயங்காலமே கூட்டிக்கிட்டுத் திரும்பணுமாம்.”

லாரியை நிறுத்தாமல் தலையை மட்டும் வெளியே நீட்டி ஐயாசாமி இதைச் சொன்னார். உலு திராம் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட்டுகளை ஜொகூர் பாருவுக்கு ஏற்றிப் போகிறவர் அவர். அன்று வியாழக்கிழமை. மறுநாள் கிறிஸ்துமஸ். மணி மூன்று இருக்கும்.

“யாருண்ணே வர்றது?” என்று ராசம்மா லாரிக்குப் பின்னாலேயே ஓடினாள்.

“வேற யாரு? உன் நாத்தனார்தான். சிங்கப்பூர் சூசையம்மா!”

ராசம்மா என் தங்கை. சவரிமுத்துவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கி அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நான் மாரியம்மனோடு நின்றுகொண்டேன். ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அவளுக்கு ஒரே பிள்ளை, நாலு வயசு திரேசா. சூசையம்மாவுக்குப் பிள்ளை கிடையாது.

சவரிமுத்து லயத்துக்குப் பின்னால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க அக்கா நாளைக்கு வர்றாங்களாம்.”

“வரட்டும்.”

“பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு வர்றாங்களாம்.”

சங்கிலி சுற்றுவது நின்றது. “யாரு சொன்னது?”

“ஊருக்கே தெரியுது. லாரி ஓட்டுறவருக்குத் தெரியுது. பெத்தவளுக்குத்தான் தெரியல.”

“கத்தாத. போன மாசம் கடுதாசி போட்டிருந்தாங்க. இந்துப் பழக்கத்துல பிள்ளை வளருது, பக்கத்து அறையில மாரியம்மன் படம் இருக்கு, எங்கிட்டக் கொடுத்துடு, கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துல சேத்துப் படிக்க வைக்கிறேன்னாங்க.”

“நீங்க என்ன எழுதினீங்க?”

“வந்து பாருங்கன்னு எழுதினேன்.”

“என்னத்தைப் பாக்குறது?”

“நம்ம வீடு கிறிஸ்தவ வேத முறைப்படி நடக்குதான்னு பாக்கட்டும். நடந்தா பிள்ளை இங்கேயே இருக்கட்டும். இல்லாட்டி அவங்களோட போகட்டும். அதுக்கு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க.”

“என் பிள்ளைய வச்சுப் பந்தயம் கட்டியிருக்கீங்க.”

அவர் மறுபடி சங்கிலியைச் சுற்றினார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒளிந்து கேட்கவில்லை. லயத்துப் பலகைச் சுவரில் ஒளிவதற்கு என்ன இருக்கிறது?

ரப்பர் விலை விழுந்து எல்லாருக்கும் வாரத்தில் மூன்று நாள் வேலை என்று ஆகியிருந்த காலம். கிறிஸ்துமஸுக்கென்று அவர்கள் ஒன்றும் வாங்கி வைத்திருக்கவில்லை. இரவுப் பூசைக்குப் போய்விட்டு வந்து இருக்கிறதைப் பொங்கிச் சாப்பிடுவதாக இருந்தார்கள். இப்போது ஒரு பொழுதுக்குள் சிங்கப்பூர்க்காரிக்கு விருந்து போட வேண்டும்.

“என்னடி இருக்கு உங்கிட்ட?” என்றேன்.

“அரிசி இருக்கு. பருப்பு ஒரு கை. சவ்வரிசி இருக்கு, பாயசம் வச்சிடலாம்.”

“பாயசத்தைக் குடிச்சிட்டு அவ சும்மா போவாளா? என் சேவலை அடிச்சிடு. நல்ல எடை நிக்கும்.”

“வெள்ளிக்கிழமை ஆச்சேக்கா.”

“எனக்குத்தான வெள்ளிக்கிழமை? உங்களுக்கு என்ன வந்தது?”

“எங்களுக்கும் உண்டு. சேசு செத்த நாளு. வெள்ளிக்கிழமை கறி தின்னா பாவம். மீன் திங்கலாம். ஞானஸ்நானத்துக்கு முன்னாடி உபதேசியார் ஆறு மாசம் இதைத்தான மண்டையில ஏத்தினாரு. அவங்க வந்து, சட்டியத் திறந்து, கோழிக்கறியப் பாத்தாங்கன்னா? அதோட பிள்ளை போச்சு.” அவள் பின்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். “என்னங்க, வெள்ளிக்கிழமை கறி வேணாம்தானே? மீன் வச்சிடட்டுமா?”

“வை,” என்றார் சவரிமுத்து.

“பெரிய மீனா வாங்கணும்.”

“சரி, வாங்கு.”

பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் ஒருவர் சதுப்பில் விரால் பிடிப்பார். நான்தான் போய்ப் பேசினேன். அவர் இரண்டு விரலை நீட்டி இரண்டுதான் இருக்கிறது என்றார். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கொஞ்சம் கொத்தமல்லி விதையும், மிளகாயும், என் வீட்டு முறத்தில் காய்ந்த புளியும் கொண்டுவந்து கொடுத்தேன். தேங்காய் அவளே திருவினாள். அன்றைக்குப் பண்டிகைக்கு முந்தின நாள் என்று அவளுக்கு ஒருசந்தி நோன்பு வேறு. வெறும் வயிற்றோடு அம்மியில் மசாலா அரைத்தாள். இரவு லாரியில் ஏறி மூன்று பேரும் ஜொகூர் பாருக் கோவிலுக்குப் போனார்கள். விடிந்து திரும்பியதும் உட்காராமல் மீனை அரிய ஆரம்பித்துவிட்டாள்.

சவரிமுத்து வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாம்பல் போட்டுச் செதில் தேய்த்ததைப் பார்த்தார். துண்டு போட்டதைப் பார்த்தார். புளி கரைத்ததைப் பார்த்தார். ஒரு தடவை, “தலையையும் போடுறியா?” என்று மட்டும் கேட்டார்.

“உங்க அக்காவுக்குத் தலைன்னா பிடிக்கும்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க.”

“ஆமா,” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு சூசையம்மா வந்தாள். தெப்ராவ் ரோட்டில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்ததில் பட்டுச் சேலையின் கரையெல்லாம் செம்மண். பின்னால் அவள் புருஷன் அருளப்பன். சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர். அவர் கையில் பிள்ளைக்குப் புது கவுன், காலுக்குப் புதுச் சப்பாத்து.

“வாங்க அண்ணி,” என்றாள் ராசம்மா.

“தோத்திரம்னு சொல்லப் பழகு. அஞ்சு வருஷமாச்சு.”

“தோத்திரம் அண்ணி.”

“இவ யாரு? ஓ, வெள்ளையம்மாவா. இன்னைக்கும் இங்கதானா?”

“அடுத்த அறையில இருக்கேன். மழை பெஞ்சா ஒரே ஒழுக்குத்தான் ரெண்டு பேருக்கும்,” என்றேன்.

அவள் உள்ளே போனாள். சுவரில் திருஇருதயப் படம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதற்கு முன்னால் மெழுகுவர்த்தியும் எரிந்தது. செபமாலை ஆணியில் தொங்கியது. திரேசாவைக் கூப்பிட்டு, “பரலோக மந்திரம் சொல்லு,” என்றாள். பிள்ளை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சூசையம்மாவின் முகம் இன்னும் சுருங்கியது.

“சாமர்த்தியமாத்தான் சொல்லிக் கொடுத்திருக்க.”

“அவளே கேட்டுக்கேட்டுக் கத்துக்கிட்டா.”

“அத்தையோட சிங்கப்பூர் வர்றியாடி கண்ணு? பாரு, சப்பாத்து.”

பிள்ளை என் முந்தானைக்குள் வந்து புகுந்துகொண்டாள்.

அருளப்பன், “வந்ததும் வராததுமா ஏன் சூசை? முதல்ல சாப்பிடுவோம். வாசனை தூக்குது,” என்றார்.

ராசம்மா இலை போட்டாள். ஆண்கள் இரண்டு பேரும், சூசையம்மாவும் உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, அப்பளம், வறுத்த துண்டு ஒவ்வொருவருக்கும் இரண்டு. கடைசியாகச் சட்டியைக் கொண்டுவந்து, தலைத் துண்டை எடுத்து நாத்தனார் இலையில் வைத்தாள்.

சூசையம்மா இலையைப் பார்த்தாள். “இது என்ன?”

“விரால் அண்ணி. புளிக் குழம்பு.”

“கறி எங்க?”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைல அண்ணி.”

“இன்னைக்குக் கிறிஸ்துமஸ்!”

“ரெண்டும்தான் அண்ணி. அதான் மீன் வச்சேன்.”

சூசையம்மா இலையை உள்ளங்கையால் முன்னால் தள்ளினாள். குழம்பு மண் தரையில் வழிந்தது. “கேட்டீங்களா?” என்று புருஷனிடம் திரும்பினாள். “ஆண்டவர் பிறந்த நாளு வெள்ளிக்கிழமையில விழுந்தா விரதம் கிடையாது. கறி தின்னலாம். தின்னத்தான் வேணும், திருநாளு! வேதக்காரங்க வீட்டுல பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவ மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை காத்துக்கிட்டு, அதுக்கு நம்ம சேசு பேரைச் சொல்றா.”

“இல்ல அண்ணி, சத்தியமா உபதேசியார்தான்…”

“உபதேசியார் போன ஞாயிற்றுக்கிழமை உங்க கோவில்ல இதைச் சொல்லலைன்னு சொல்லு பாப்போம். எல்லாக் கோவில்லயும் சொன்னாங்க. எங்க கோவில்ல ரெண்டு தடவை சொன்னாங்க.”

“போன ஞாயிறு பிள்ளைக்குக் காய்ச்சல். நான் போகல. இவரு மட்டும்தான்…”

ராசம்மா அங்கேயே நிறுத்திக்கொண்டாள். சட்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதை மெதுவாக அடுப்புக் கல்லில் வைத்தாள்.

“நீங்க போயிருந்தீங்க,” என்றாள்.

சவரிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“சொன்னாங்களா?”

“என்ன?”

“என்னன்னு தெரியாதா? உபதேசியார் சொன்னாரா, இல்லையா?”

“…சொன்னாரு.”

“நேத்து அக்கா சேவல் தர்றேன்னு சொன்னப்ப நான் உங்ககிட்ட வெள்ளிக்கிழமை கறி வேணாம்தானேன்னு கேட்டேன். கேட்டேனா?”

“கேட்ட.”

“மீனை வைன்னீங்க.”

அருளப்பன் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார். “டேய் சவரி,” என்றார், அவ்வளவுதான்.

“விடிஞ்சதுலேருந்து நான் அரிஞ்சதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க,” என்றாள் ராசம்மா. “நான் தோக்கணும்னு உக்காந்திருந்தீங்க.”

“அப்படி இல்ல ராசம்மா. நீ வேலை போற போக்கப் பாரு. போன வாரம்கூட முப்பது பேரைக் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. நாளைக்கு நம்மளை ஏத்துவான். பிள்ளையாவது அக்கா வீட்டுல நல்லா…”

“அதை எங்கிட்டச் சொல்லியிருக்கணும். என் முகத்தைப் பாத்துச் சொல்லத் துணிச்சல் இல்லாம, மீனை விட்டுச் சொல்ல வச்சிருக்கீங்க.”

“ஆம்பளையப் பேசுற பேச்சப் பாரு!” என்று சூசையம்மா எழுந்தாள். “பேசினபடி பேச்சு. பிள்ளையோட துணியெல்லாம் எடு.”

நான் வாயைத் திறந்தேன். “உங்கப்பாவும் ஊருல அம்மன் கோவிலுக்குக் கெடா வெட்டினவருதான். வேதத்துக்கு வந்தது எப்பன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரொம்ப ஆடாத.”

“நீ வாய மூடு! பிள்ளைய விடு!”

“நீ சும்மா இருக்கா,” என்றாள் ராசம்மா. என்னிடம்தான் சொன்னாள், அதே கடுமையோடு. பிறகு மூலையிலிருந்த கித்தான் பையை எடுத்தாள். கொடியில் கிடந்த சவரிமுத்துவின் சட்டைகள், வேட்டி, துண்டு எல்லாவற்றையும் அதில் திணித்தாள். பையைக் கொண்டுவந்து நாத்தனார் காலடியில் போட்டாள்.

“இது பிள்ளைத் துணி இல்லையே,” என்றாள் சூசையம்மா.

“உங்க தம்பி துணி. அவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவருக்குத்தான் இங்க இருக்கப் பயமா இருக்கு. நான் நாலு மணிக்கு எந்திரிச்சுப் பால்மரம் வெட்டுறவ. என் பேரு தோட்டத்து ஆள்கணக்கு ரோல்ல தனியா இருக்கு. இந்த அறை என் பேருக்கும்தான். பிள்ளை என்னோட இருக்கும். வேத முறை உங்களுக்கு அவ்வளவு முக்கியம்னா, பிள்ளையப் பெத்தவகிட்ட உண்மைய மறைக்கக்கூடாதுன்னு உங்க தம்பிக்கு முதல்ல சொல்லிக் கொடுங்க.”

“பைத்தியமாடி உனக்கு?”

“கூட்டிக்கிட்டுப் போங்க அண்ணி. உங்க வீட்டுல இடம் இருக்குல்ல? பிள்ளைக்கு இருந்த இடம்.”

சூசையம்மா பையைக் காலால் தள்ளினாள். “எங்க வீட்டுல இவனுக்கு எங்க இடம்? வேலை இல்லாத ஆளை வச்சு நான் சோறு போடணுமா? பிள்ளையத்தான் கேட்டேன். இவனை யாரு கேட்டா?”

சவரிமுத்து நிமிர்ந்தார். பிசைந்த சோறு அப்படியே விரல்களில் இருந்தது.

“கப்பல்ல ஏத்தினா எங்களையும் பாத்துக்குவேன்னு எழுதியிருந்தீங்களேக்கா.”

“கடுதாசியில ஆயிரம் எழுதுவாங்க.”

“அலமாக்,” என்று மலாயில் சலித்துக்கொண்டு அருளப்பன் நெற்றியைத் தேய்த்தார். “சூசை, எந்திரி. பஸ் போயிடும்.”

“பிள்ளை இல்லாம நான் போக மாட்டேன். சவரி, நீ பெத்த அப்பன். நீ சொல்லு. நீ சொன்னா அவ கொடுத்துத்தான் ஆகணும்.”

எல்லாரும் அவரைப் பார்த்தோம். ராசம்மா பார்க்கவில்லை. அவள் தரையில் வழிந்த குழம்பைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் துடைத்த கை நின்றுவிட்டது.

“பிள்ளை வராதுக்கா,” என்றார் சவரிமுத்து.

“என்னடா?”

“வராது. கவுனையும் சப்பாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க.”

சூசையம்மா எங்கள் வம்சத்தையும், தம்பியின் முதுகெலும்பையும், அந்த மீனையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே படி இறங்கினாள். அருளப்பன் கடைசியாக எழுந்தார். இலையில் மிச்சமிருந்த வறுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டு, ராசம்மாவைப் பார்த்து, “உப்பு, புளி எல்லாம் சரியா இருந்துச்சும்மா,” என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினார்.

அவர்கள் போன பிறகு திரேசாவுக்கு நான் சோறு ஊட்டினேன். முள் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு துண்டு தின்றாள்.

சவரிமுத்து பையைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார்.

“அதை வாசல்லயே வைங்க,” என்றாள் ராசம்மா.

“நான்தான் வராதுன்னு சொல்லிட்டேனே.”

“உங்களை உங்க அக்கா வேணாம்னு சொன்ன பிறகு சொன்னீங்க. நேத்துச் சாயங்காலம் சொல்லியிருந்தா நான் கோழி அடிச்சிருப்பேன்.”

“இப்ப நான் என்ன பண்ணணும்கிற?”

“எனக்கு ஒருசந்தி நேத்தே முடிஞ்சிடுச்சு. இன்னும் சாப்பிடல. தள்ளுங்க.”

அவர் தள்ளி நின்றார். அவள் தன் இலையைப் போட்டு, சட்டியை அருகில் இழுத்து வைத்து, நடுத்துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவருக்கு இலை போடவில்லை. அவர் கேட்கவும் இல்லை. எட்டு நாள் என் அறை வாசலில்தான் படுத்தார். பிள்ளை அவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள் ராசம்மா, “கூப்பிட்டுத் தொலை,” என்றாள்.