பூட்டுக்கடைக்காரர் வீட்டுப் பூட்டு

"நரகம் ஒருநாள் காலியாயிடும்னு சொல்ற ஆளுக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

பூட்டுக்கடைக்காரரின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தது யார் தப்பு? ஆராதனைக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை. எதிரே நாற்காலி நுனியில் இளம் போதகர். பெண் கேட்டு நடையாய் நடந்தவரை, நாள் குறிக்கலாம் என்று அன்றைக்குத்தான் வரச்சொல்லியிருந்தார்கள். மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? கடவுளின் அன்புக்கு முன்னால் எந்த நெருப்பும் நிரந்தரமில்லை, கடைசிப் பாவியும் ஒருநாள் வீடு வந்து சேருவான் என்று காலையில் பிரசங்க மேடையில் முழங்கிவிட்டு வந்திருந்தார்.

"எல்லாருமே வந்துடுவாங்கன்னா, இத்தன வருஷம் ஞாயித்துக்கெழம தூக்கத்த விட்டுட்டு நான் ஓடினது எதுக்கு?"

"அங்கயும் தூங்கத்தானப்பா செய்றீங்க," என்றாள் மகள், அடுக்களையிலிருந்து.

"நீ சும்மா இரு. ஏன் தம்பி, கறிக்கடைக்காரனும் வருவானா?"

"வருவாரு மாமா."

"இன்னும் மாமா ஆகல. தராசுத் தட்டுல விரல வைக்கிறவன் அவன். மோட்சத்துலயும் அவன் பக்கத்துல நான் உக்காரணுமா?"

"எடைய சரியாப் போடக் கத்துக்கிட்டுதான் வருவாரு. தண்டனையே கெடையாதுன்னு நான் சொல்லல. அதுக்கும் ஒரு முடிவு உண்டுன்னுதான் சொல்றேன்."

அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோல் தோன்றிவிட்டது பூட்டுக்கடைக்காரருக்கு. அதனாலேயே எரிச்சல் தலைக்கேறியது. வேதத்தில் நித்திய ஆக்கினை என்று இருந்தால் நித்தியம்தான். இதில் என்ன பேரம்?

"நீங்க கெளம்புங்க தம்பி."

அடுக்களையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. போதகர் எழுந்துபோய் வாசல் கதவை இழுத்தார். திறக்கவில்லை.

அந்தப் பூட்டின் கதை ஊருக்கே தெரியும். தெருவில் பாதி வீட்டுக்கு அவர் கடைப் பூட்டுதான். அவர் வீட்டில் மட்டும் துருப்பிடித்த ஒரு கிழட்டுப் பூட்டு. முழங்காலால் ஒரு முட்டு, கைப்பிடியை மேலே ஒரு தூக்கு, கூடவே ஒரு வசவு, இந்த வரிசையில் செய்தால்தான் வழிவிடும். கஞ்சத்தனம் என்று தெரு என்றைக்கோ தீர்ப்பு எழுதிவிட்டது.

அன்றைக்கு வசவுக்கும் அது மசியவில்லை. வெளியே துரத்த வேண்டிய ஆளுக்காக, வீட்டுக்காரரே எண்ணெயும் திருப்புளியும் எடுத்துவந்து மண்டியிட வேண்டியதாயிற்று. போதகர் டார்ச் அடித்தார்.

"கடை நெறைய பூட்டு வச்சிருக்கீங்க. இத ஏன் மாத்தல?"

பூட்டுக்கடைக்காரர் எண்ணெயை விட்டுக்கொண்டே இருந்தார். அவர் மனைவிதான் கையைத் துடைத்தபடி வந்து சொன்னாள்: "இவரு தம்பி சண்ட போட்டுட்டுப் போறப்ப ஒரு சாவியோட போயிட்டாரு. பூட்ட மாத்திட்டா, வர்ற அன்னிக்கு வெளிய நிப்பாராம்."

"இப்ப எங்க இருக்காரு?"

"செத்து எட்டு வருஷம் ஆச்சு."

குடி, சீட்டாட்டம், ஆலயத்தைக் கண்டால் கேலி: தம்பியின் லட்சணம் இது. பூட்டுக்கடைக்காரரின் வேதப்படி அவன் எங்கே இருப்பான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. போதகருக்கு இன்னொரு பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? எதிர்வீட்டு ஜன்னல்கூட மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. அவரோ டார்ச்சை ஆடாமல் பிடித்தபடி வாயே திறக்கவில்லை. கல்யாணம் நிச்சயமானது அந்த நிமிஷத்தில்தான் என்று பிற்பாடு தெரு பேசிக்கொண்டது.

பூட்டுக்கடைக்காரர் திரும்பாமலே கேட்டார். "உங்க கணக்குப்படி அவன் எப்ப வருவான்?"

"அது தெரியல மாமா. ஆனா வருவாரு."

"குடிச்சிட்டா?"

"தெளிஞ்சு வருவாரு."

"தெளிஞ்சு வந்தா எனக்கே அடையாளம் தெரியாதே."

பூட்டு விட்டுக்கொடுத்தது. கதவு திறந்தது. அவர் ஒரு கணம் வெளியே பார்த்தார். பிறகு தானே அதைச் சாத்தினார்.

"சோறு ஆறுது. உக்காருங்க மாப்ள."

கல்யாண விருந்தில் கறிக்கடைக்காரர் தேடிவந்து பூட்டுக்கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நரகத்துக்கு ஒத்திகை என்று பூட்டுக்கடைக்காரர் முணுமுணுத்தது மூன்று வரிசை தள்ளிக் கேட்டது. கடையில் இன்றைக்கும் அவருக்கு நரகம் நித்தியம்தான், யார் வந்து கேட்டாலும். மறுவருஷம் மகளும் மருமகனும் வேறு ஊர்ச் சபைக்கு மாற்றலாகிப் போனார்கள். வரும்போதெல்லாம் அதே பழைய பூட்டைத் திறக்க மருமகன் யாரையும் கூப்பிடுவதில்லை. முழங்கால் முட்டு, கைப்பிடித் தூக்கு எல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. வசவுக்குப் பதில் ஒரு ஜெபம் சொல்வதாகக் கேள்வி. தெரு அதை நம்பவில்லை.