அம்புறோஸின் தலையணை

"காலை நீட்டு, சுபானி!"

குமுதினி மகளின் கம்பளிக் காலுறையை இழுத்தாள். ஒரு கால் ஏறியது. மற்றக் காலை நாலு வயதுச் சுபானி மடக்கிக்கொண்டு, பழைய தலையணை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உருண்டாள்.

"தலகணி இல்லாமல் நான் வரமாட்டன்."

"செத்தவீட்டுக்கு ஆராவது தலகணியோடை போறவையே?"

"பெரியப்பாவுக்கு முழங்கால் நோகும்."

அம்புறோஸ் பெரியப்பாவுக்கு இனி எதுவும் நோகாது. போன கிழமை வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. அந்தச் சப்பாத்து இன்னும் வாசலில்தான் கிடந்தது. ஏழு வயது மகன் நிதுசன் அதிலேயே தடுக்கி, கையிலிருந்த பாலைத் தன் வெள்ளைச் சேட்டில் ஊற்றிக்கொண்டான்.

"அய்யோ, இந்த வீட்டிலை மனிசர் ஒழுங்காச் சாகவும் ஏலாது!"

கீழே காருக்குள் இருந்து அவள் கணவன் சூசைதாசன் ஹோர்ன் அடித்தான்.

அம்புறோஸ் சூசைதாசனின் தமையன். கலியாணம் செய்யாதவர், இவர்களோடுதான் இருந்தார். குமுதினி விடிய முதியோர் இல்லத்தில் தரை துடைக்கப் போனால், பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கூடம் விடுவது அவர். அதற்கெல்லாம் சேர்த்து இரவில் அந்தப் பழைய தலையணையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிப் பழிவாங்குவார் என்பது குமுதினியின் முறைப்பாடு. தொடங்குமுன்பே 'முதலாம் கருத்து, இரண்டாம் கருத்து' என்று மாதாவிடம் இன்னின்னது வேண்டும் என்பார். பிள்ளைகள் தூங்கி விழுவார்கள்.

"அத்தான், சுருக்கிச் சொல்லுங்கோ. விடியப் பள்ளிக்கூடம்!" என்று கத்திவிட்டு அவள் சமையலறைக் கதவைச் சாத்தி, புகை இழுக்கும் காற்றாடியைப் போட்டுவிடுவாள். ஒருநாளும் கூட இருந்து செபித்ததில்லை.

பீலெஃபெல்ட் நகர மயானத்துச் சிற்றாலயத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. சுபானி தலையணையை அதன் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். வுப்பர்டாலிலிருந்து வந்திருந்த சூசைதாசனின் தமக்கை புஷ்பமலர் தலையணையைப் பார்த்தாள், பிறகு பால் கறையைப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், பிள்ளையள் நித்திரையாலை எழும்பி நேரை வந்தவையோ?"

"ஓம் மச்சாள். கட்டிலை ஏத்தத்தான் காரிலை இடமில்லை."

"இஞ்சை பிறந்ததுகளுக்குத் தமிழிலை ஒரு செபமாவது தெரியுமோ? தமையன் கத்திக் கத்திச் செத்ததுதான் மிச்சம்."

சனம் திரும்பிப் பார்த்தது. நிதுசன் இப்போது செபம் சொல்லத் திக்கினால், இன்றிரவே லண்டன்வரை தொலைபேசி போகும். பிள்ளைகளைத் தாய் வளர்த்த வளர்ப்பு என்பார்கள்.

"நிது, போய்ச் செபமாலையைத் தொடங்கு," என்றாள் குமுதினி பல்லைக் கடித்து. "பிழைவிடாமல்."

அவன் பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுக் கண்ணை மூடினான். பெரியப்பாவைப் போலவே ஒருதரம் இருமினான்.

"முதலாம் கருத்து. ஊரிலை நிப்பாட்டின சண்டை திரும்பத் தொடங்காமல் இருக்க."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். புஷ்பமலரும்.

"இரண்டாம் கருத்து. வுப்பர்டால் மாமியின்ரை வாயிலை ஒருநாளெண்டாலும் நல்ல சொல்லு வர."

பின்வரிசையில் யாரோ லேஞ்சியால் வாயைப் பொத்தினார்கள். குமுதினி மகனின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், நிப்பாட்டு! அது செபமில்லை!"

"செபந்தான். பெரியப்பா ஒவ்வொருநாளும் சொல்லுறவர்." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "மூண்டாம் கருத்து. அம்மான்ரை முழங்கால் நோ மாற. அவ ஒருத்தருக்கும் சொல்லமாட்டா. அவ கத்துறது கோபத்திலை இல்லை, மாதாவே. நோவிலை."

சூசைதாசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அருள் நிறைந்த மரியே..." புஷ்பமலரின் குரல்தான் முதலில் எழும்பியது. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். கல்லுத் தரை. குமுதினி மட்டும் நின்றாள்.

சுபானி தலையணையை இழுத்து வந்து தாயின் முன்னால் போட்டு, இரண்டு தரம் தட்டினாள்.

"முதல் வலது கால், அம்மா. பெரியப்பா அப்பிடித்தான்."

குமுதினி மகளின் தோளைப் பிடித்தபடி மெல்ல இறங்கினாள். தலையணையில் ஏற்கெனவே இரண்டு குழிகள் இருந்தன. அவளுடைய முழங்கால்களுக்குச் சற்று அகலம்.