நான் எழுதி வைத்த ஸ்கோர்

கண்ணாடி கிழித்து அறுந்துபோன அக்காவின் கட்டைவிரல் நரம்பைத் தைத்த டாக்டர், விரலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார். அவள் தையல்காரி. விரல் வளைந்தால்தான் கத்தரி பிடிக்க முடியும். பழைய கேம் கன்சோல் ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது, அவளிடம் கொடுத்தேன். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு. மூவாயிரம் புள்ளி எடுத்துவிட்டால் மறுநாளே தையல் கடைக்குப் போய்விடுவேன் என்று அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

நான் இருந்திருக்கலாம், சும்மா. செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவனுக்குக் கை அரிப்பு அதிகம். கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினால் அக்காவுக்கு நூறு விளையாட்டு கிடைக்குமே என்று தோன்றியது. அவள் டாக்டரிடம் போன நேரத்தில், கேட்காமலே உட்கார்ந்தேன். மெமரி கார்டைப் பத்திரமாகக் காப்பி எடுத்தேன். ஸ்கோர் அந்தக் கார்டில் இல்லை, கன்சோலுக்குள்ளேயே இருந்தது என்பது எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் தெரிந்தது. "பேக்கப் எடுத்தாச்சா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரைக் கேட்கிற வாய் இது.

புது சாஃப்ட்வேரில் ஸ்கோரை நாமே எழுதிவிடலாம். அவள் தினமும் கத்திச் சொன்ன எண்ணை நான் காதில் வாங்கியிருந்தால்தானே? கூடுதலாக இருந்தால் சந்தோஷப்படுவாள் என்று 2810 போட்டேன்.

"என்னடா இது? ரெண்டாயிரத்து நூத்தி எண்பதுதானே எடுத்திருந்தேன்?"

"போன வாரம் அடிச்சியேக்கா. நான்தான் பக்கத்துல இருந்து பார்த்தேனே."

நம்பிவிட்டாள். முகம் மலர்ந்தது. நானும் ஏதோ பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி சிரித்தேன்.

அதன்பின் அவளால் அந்த எண்ணைத் தொட முடியவில்லை. ஒருநாள் 2300 வந்தது. எனக்குத் தெரியும், அதுவரை அவள் எடுத்ததிலேயே அதுதான் அதிகம். அவளோ கன்சோலை மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "முன்னாடி இருந்த அளவுகூட இல்லடா. விரல் மறுபடி மோசமாகுது." வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். திட்டுவாளே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம், அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து அவள் கன்சோலைத் தொடவில்லை. விரலும் விறைக்கத் தொடங்கியது. நேற்று மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தையல் கடை முதலாளியிடம் போனில் பேசுவது கேட்டது. "என் மெஷினை வேற யாருக்காவது குடுத்துருங்கண்ணே. எனக்கு இனிமே கை வராது."

கையைக் கழுவிவிட்டு அவள் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சாஃப்ட்வேர், அழிந்த ஸ்கோர், நானாகப் போட்ட எண், 2300தான் அவளுடைய நிஜமான உச்சம் என்பதுவரை.

கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் தேவலை. உடனே கடைக்குப் போன் போட்டாள். அந்த மெஷினை வேறொரு பெண்ணுக்குத் தருவதாக அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று முதலாளி சொன்னது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சாஃப்ட்வேர் போகட்டும்டா. அன்னைக்கு நான் அழுதப்போ, என் முதுகைத் தடவிக்கிட்டு நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே?"