கம்பாலாவிலிருந்து வந்த காய்ச்சல்

கம்பாலாவிலிருந்து திரும்பிய மறுநாள் தீப்தி பெட்டியை ஒழித்தபோது, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றைக் குப்பைக்கூடையில் போட்டாள். ஜம்புநாதன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னும் பாக்கி இருக்கேம்மா?"

"மலேரியா மாத்திரைப்பா. சாப்ட்டா குமட்டறது. அதான் இங்க வந்துட்டேனே, புனேல என்ன மலேரியா?"

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. தீப்தி பிறப்பதற்கு முன்பே புனேயின் வானவடிக்குக் குடிவந்தவர் அவர். மழை பிடித்தால் அந்தக் குடியிருப்பில் டெங்கு என்று படுப்பார்கள். மலேரியா என்று யாரும் படுத்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. மனைவி போன பிறகு வீட்டில் அப்பாவும் பெண்ணும்தான். கராடியில் தீப்தி வேலை பார்க்கும் கம்பெனி, ஏதோ வங்கி மென்பொருளை நிறுவ அவளை உகாண்டாவுக்கு அனுப்பியிருந்தது. நல்லபடியாகத் திரும்பி வந்தாளே என்ற நிம்மதியில், அவர் மாத்திரையைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

அடுத்த வாரம் அவள் மத்தியானமே ஆபீஸிலிருந்து வந்து படுத்துவிட்டாள். தலை வெடிக்கிறது என்றாள். உடம்பு அனலாகக் கொதித்தது. தெருமுனை டாக்டர் ஜெயந்த்திடம் அழைத்துப் போனார். ஊரெல்லாம் டெங்கு, அதையே பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். டெங்கு இல்லை என்று வந்தது. ஆனால் பிளேட்லெட் குறைந்திருந்தது. உகாண்டா போய் வந்ததை ஜம்புநாதன் மறக்காமல் சொன்னார். டாக்டர் யோசித்தார். குளிர் நடுக்கம் உண்டா என்று ஹிந்தியில் கேட்டார்.

ஜம்புநாதன் அவளை முந்திக்கொண்டு பதில் சொன்னார். வங்கி வேலையில் சேர்ந்த புதிதில் அவரை ஒடிசாவில் கோராபுட்டில் போட்டிருந்தார்கள். அங்கே மலேரியாவில் படுத்தவர் அவர். ஒருநாள் விட்டு ஒருநாள், கட்டிலோடு உடம்பைத் தூக்கிப் போடும்; மூன்று கம்பளி போர்த்தினாலும் அடங்காது. "இது அந்த மாதிரி இல்லை டாக்டர். விடாமல் காய்கிறது, அவ்வளவுதான்." டாக்டர் தலையாட்டினார். வைரல் காய்ச்சல்தான், நிறைய நீராகாரம் கொடுங்கள் என்றார்.

கஞ்சி கொடுத்தார். இளநீர் கொடுத்தார். எல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. ஒரு காலை, நெற்றியில் ஈரத்துணி போடக் குனிந்தவரை அவள் உற்றுப் பார்த்தாள்.

"அங்கிள், ஆப் கோன்?"

நீங்கள் யார் என்று ஹிந்தியில் கேட்கிறாள்; விளையாடுகிறாள் என்று நினைத்தார். "என்னடி அம்மா, நான்தான்டி, அப்பா" என்றார். அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு, யாரோ வேற்றாள் அறைக்குள் புகுந்துவிட்டதுபோல அலறினாள். அவர் செருப்பில்லாமல் கீழ்வீட்டுச் சரசாவிடம் ஓடினார். சரசாதான் கார் எடுத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் முதலில் கேட்டதே, கடைசியாக எந்த ஊருக்குப் போய்வந்தாள் என்பதைத்தான். கொஞ்ச நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மலேரியா. அதிலும் மூளையைத் தாக்குகிற வகை. இந்த வகையில் நடுக்கம் முறை வைத்து வர வேண்டும் என்பதே இல்லையாம். ஊர் திரும்பின பிறகும் சில வாரங்கள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்க வேண்டுமாம். டாக்டர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டாள்.

அன்றே ஊசி மருந்து ஏற்றினார்கள். மருந்து இருக்கிறதே, இனி பயமில்லை என்று நினைத்தார். "கிருமியை மருந்து கொன்றுவிடும். அது ஏற்கனவே கெடுத்ததற்கு நாம் காத்திருக்கத்தான் வேண்டும்" என்றாள் டாக்டர். தீப்திக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது. கண் திறக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தவருக்குக் குடியிருப்புச் செயலாளர் போன் செய்தார். மலேரியா என்று தகவல் போய் மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்பு ஆட்கள் வந்திருக்கிறார்கள், உங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்றார். பெண்ணை விட்டு எப்படி வருவது? ஆனால் இங்கே இருந்தும் என்ன செய்கிறோம்? போனார்.

அவர்கள் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தார்கள், மொட்டைமாடித் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்தார்கள். ஜம்புநாதனின் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். "உங்களுக்கு ஒன்றுமில்லை காகா" என்றான் ஒருவன், நல்ல சேதி சொல்கிற முகத்துடன். கலவரப்பட்டிருந்த செயலாளரிடம் மராத்தியில் தைரியம் சொன்னான்: "பாஹேரூன் ஆலேலி கேஸ்." வெளியிலிருந்து வந்த கேஸ்தான், இங்கே பரவியது இல்லை. கூடியிருந்தவர்கள் முகம் தெளிந்தது. இந்தக் கட்டிடத்தின் படிகளில்தான் அவள் தவழ்ந்தாள் என்று சொல்ல வந்தார் ஜம்புநாதன். யாரிடம் சொல்வது? புகை மருந்து அடிப்பதற்காக எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தீப்தியின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்தார்கள். இன்றைக்கு எப்படி என்று கேட்டால், நேற்றைப் போலத்தான் என்பார்கள். சாமிக்கு நேர்ந்துகொள்ளலாமென்றால் எந்தச் சாமி என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாகத் தீப்தி கண் திறந்தாள். சிறுநீரகம் மெல்லத் தேறியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் எழுந்து நின்றால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பேச்சு குழறியது. சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு ஆவதில்லை என்றாள் டாக்டர்.

குளிப்பாட்டச் சரசா வருவாள். "நீங்கோ ஹால்ல உக்காருங்கோ மாமா, நான் பாத்துக்கறேன்." உள்ளே தண்ணீர் விழும் சத்தமும் தீப்தி விம்மும் சத்தமும் கேட்கும். பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பார்.

ஒருநாள் அவளே நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு பால்கனி பக்கம் புறப்பட்டாள். கால் ஒன்று தரையைத் தேய்த்தது. அவர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார்.

"தொ...டா...தேப்பா. ப்ளீஸ்."

கையை எடுத்துக்கொண்டார். அவள் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், இன்னொரு அடி வைத்தாள். இரண்டு கைகளையும் அவள் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நீட்டியபடி, தொடாமல், அவர் பின்னாலேயே போனார்.