கத்தி படாத பக்கங்கள்

பீர் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் தலை நரைத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் பீரை விடவில்லை. குடிப்பதைச் சொல்லவில்லை. பீர் காய்ச்சும் விஞ்ஞானம் பற்றிய நூறு வருடத்துப் புத்தகங்களை வாங்கி வாங்கி அடுக்கி, படுக்கையறையில் மனைவிக்கு ஒருக்களித்துப் படுக்க மட்டும் இடம் விட்டிருந்தார்.

அந்தக் காலத்துப் புத்தகங்கள் சிலவற்றில் தாள்களை மடித்துத் தைத்து, ஓரம் வெட்டாமலே விற்பார்கள். வாங்கியவன்தான் கத்தியால் கீறிக் கீறிப் படிக்க வேண்டும். சேகரிப்பவர்களுக்கோ கத்தி படாத பிரதிதான் உசத்தி. படித்துவிட்டால் மதிப்புப் போய்விடும் என்று, படிக்காமலே பாதுகாக்கும் கூட்டம் அது. அவரிடம் அப்படி ஒன்று இருந்தது, பீர் புளித்துப்போவதைப் பற்றியது. பூச்சி அதன் ஓரத்தை அரித்திருப்பதை இந்த ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தார். இனி என்ன மதிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று அலுத்துப்போய்க் கத்தியை எடுத்தார்.

நாலாவது மடிப்பைக் கீறியதும் கை நின்றுவிட்டது.

பதினோரு வருடத்துக்கு முன், ஆலையில் காய்ச்சியதெல்லாம் புளித்தது. காரணம் பிடிபடவில்லை. தொட்டி சரியாகக் கழுவப்படவில்லை என்று அறிக்கை எழுதிக்கொடுத்தார். தொட்டி கழுவியவன் அவர் மனைவியின் தம்பி. வேலை போயிற்று. அதே மாதம் குழாய்களையும் மாற்றினார்கள், புளிப்பும் நின்றது. ஆளை அனுப்பியதால் நின்றது என்றே எல்லோரும் நம்பினார்கள், அவர் உட்பட.

புத்தகத்தில் படம் போட்டே விளக்கியிருந்தார்கள். பழைய தொட்டியை எடுத்த பிறகு, முனையை மட்டும் அடைத்து அப்படியே விட்டுவைத்த துண்டுக்குழாய். அதில் தேங்கும் பீரில் கிருமி வளரும், வெந்நீர் அங்கே போகாது. அவர்கள் ஆலையிலும் அப்படி ஒரு சாண் குழாய் இருந்தது. தினம் அதைக் கடந்துதான் போவார்.

வழக்கம்போல் சாப்பிட வந்திருந்த மைத்துனனிடம் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். அவன் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"இதை எப்போ வாங்கினீங்க மாமா?"

போன வருடம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

"உன்னை அனுப்பறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி."

அவன் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"நான் ஒழுங்காத்தான் கழுவினேன்னு எனக்குத் தெரியும். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சமையலறை பத்தடி தூரம்தான். போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பதினோரு வருஷமா நான் அவனை மன்னிச்சுக்கிட்டு இருந்தேனே" என்றாள்.