கறுப்பு மணி

ஆலையில் அக்காவுக்குப் பட்டப்பெயர் சல்லடை. வருகிற தானியத்தை உப்புத்தண்ணீரில் கொட்டிக் கலக்குவது அவள் வேலை. நல்ல மணி அடியில் தங்கிவிடும். எர்காட் பூஞ்சை பிடித்த கறுப்பு மணி மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்து, "தொலை சனியனே" என்று திட்டி, குழியில் புதைப்பாள். பதினோரு வருடத்தில் ஒரு மணிகூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு.

ஆஸ்பத்திரியில் தங்கைக்குப் பிரசவம்; அக்கா பக்கத்திலேயே நின்றாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது; ரத்தம்தான் நிற்கவில்லை. தங்கையின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நர்ஸ் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்தாள். சல்லடை சும்மா இருப்பாளா?

"அது என்ன மருந்து?"

"எர்காட் பூஞ்சையிலேருந்து எடுக்கறது. ரத்தத்தை நிறுத்தும்."

ஊசியோடு வந்த நர்ஸின் கையை அக்கா எட்டிப் பிடித்துவிட்டாள்.

"அது விஷம்மா. மாடு தின்னா கருவே கலைஞ்சிடும். நான் தினம் குழி தோண்டிப் புதைக்கிறேன்."

நர்ஸ் கையை உதறவில்லை. "ஏன் கலையுது, சொல்லுங்க?"

"கருப்பையை அப்படியே இறுக்கிப் பிடிச்சிடும்..."

"உங்க தங்கச்சிக்கு இப்ப அந்த இறுக்கம்தான் வேணும். பிரஷர் பாத்தாச்சு, அளவும் துளிதான். கையை விடுங்க."

அக்கா விட்டாள். உயிரையே விட்ட மாதிரி இருந்தது.

ஊசி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அக்காவின் உள்ளங்கையை எடுத்துத் தங்கையின் அடிவயிற்றில் வைத்தாள். களிமண்ணாய்க் கொழகொழத்துக் கிடந்த கருப்பை மெல்ல மெல்லக் கெட்டியானது. ரத்தம் குறைந்து, பிறகு நின்றது. அக்கா வாய்விட்டு அழுதாள்.

"நர்ஸ் கையில உன் நகத்தடம் இன்னும் தெரியுது. என் மகளையாவது சலிக்காம விடு," என்றாள் தங்கை, மறுநாள் கஞ்சி குடித்துக்கொண்டே.

அடுத்த வாரம் ஆலையில் கறுப்பு மணிகள் மிதந்தன. அக்கா ஒன்று விடாமல் வழித்தாள். குழியில் கொட்டும்போது வழக்கமான திட்டு வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"போயிட்டு வா," என்றாள். குழியை மட்டும் எப்போதும்போல் ஆழமாகத்தான் வெட்டியிருந்தாள்.