சோதனையாளரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்திலிருந்து கருவி விமர்சகரை எந்தக் கருவியும் உணரவில்லை. அப்போது அவர் மேசையில் இருந்தது ஒரு விளக்கு. ஆள் அசைந்தால் எரியும், இரண்டு நிமிடம் யாரும் அசையாவிட்டால் அணைந்துவிடும். அதற்கான செயலியைத் தன் போனில் நிறுவிவிட்டு, வழக்கம்போல முதல் வேலையாக, அமைப்புகளின் அடியில் இருந்த சின்னக் கட்டத்தில் டிக் போட்டார். 'சோதனையாளரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. அடுத்த முறை விரலை வைத்தபோது திரை அசையவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். மற்ற ஒன்பது விரல்களையும் வைத்தார். கடைசியில் மூக்கு நுனியை வைத்துப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர், போன் என்ன வாசனை அடிக்கிறது என்று விசாரித்தார்.

புதுக் கருவிகள், செயலிகள், இணையதளங்கள் ஆகியவற்றில் பைத்தியமாக இருப்பவர்களுக்கென்றே நடந்த ஓர் இணையதளத்தில் அவர் பதினோரு வருடங்களாக வேலை பார்த்தார். பெட்டியைப் பிரிப்பார், பயன்படுத்துவார், எழுதுவார். தூக்கத்தை அளக்கும் மோதிரம், தண்ணீர் குடிக்கச் சொல்லும் குவளை, மழை வருமுன் அதிரும் குடைப்பிடி என்று வந்ததையெல்லாம் நேர்மையாகச் சோதித்தார். அந்தத் தொழிலில் ஓர் ஒழுக்கம் உண்டு. சோதிப்பவருடைய நடையும் குரலும் சொடுக்குகளும் அளவுகளில் கலந்துவிடக் கூடாது. அதனால் வேலையைத் தொடங்குமுன் தன்னை நீக்கிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சில நாள் மறந்துவிடுவார்கள், அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கருவிகளில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார். விளக்கு ஆயிரத்து நானூற்றுப் பதிமூன்றாவது. அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அன்று மதியத்துக்குள் விவரங்கள் தெரிந்துவிட்டன. அலுவலகக் கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை, யாராவது போகும்போது பின்னாலேயே நுழைய வேண்டியிருந்தது. லிப்டில் தனியாக ஏறினால் ஆளில்லை என்று மின்விசிறியை நிறுத்திக்கொண்டது. கை நீட்டினால் வரும் குழாய்த் தண்ணீர் வரவில்லை. எடைக் கருவி பூஜ்யம் காட்டியது. படம் எடுத்தால் நாற்காலி மட்டும் விழுந்தது, ஒலிவாங்கியில் அவர் பேசிய இடமெல்லாம் அமைதியாக இருந்தது. பழைய விசைப்பலகை ஒன்று மட்டும் அழுத்தினால் அழுந்தியது, அதனால் வேலை நிற்கவில்லை. மருத்துவர் இதயத் துடிப்பை இயந்திரத்தில் பார்த்தார், நேர்கோடு வந்தது. பிறகு குழாயைக் காதில் மாட்டிக் கேட்டார். "மெஷின்படி நீங்க காலமாயிட்டீங்க. காதுப்படி நல்லா இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

அவருக்கு இதெல்லாம் வலித்ததாகத் தெரியவில்லை. ஊசி போட்ட தாடையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். அவள் பல் ஆய்வகத்தில் செயற்கைப் பற்கள் செய்பவள், ஆகவே அந்த உவமை அவளுக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் அவளுடைய தம்பி வந்து, வீட்டிலிருந்த கருவிகளை வரிசையாக எடுத்து டிக்குகளை ஒவ்வொன்றாக நீக்கினான். நீக்கிய டிக்குகள் கொஞ்ச நேரத்தில் தாமாகவே திரும்பி வந்தன. மாலை வரை பார்த்துவிட்டு, "அத்தான், நீங்க போட்ட அழுத்தம் அப்படி," என்று சொல்லிக் கருவிப் பையை மூடினான்.

செவ்வாய்க்கிழமைக்கு ஆறு நாள் முன்பு நடந்தது ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வேறு நகரத்தில் ஒரு பெரிய பல் ஆய்வகம் மனைவியைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் தர வேண்டும். தான் மட்டும் போய் அங்கேயே இருந்துவிடலாமா என்று யோசிப்பதாக, சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள். அவர் காதில் வெளிச் சத்தத்தை முழுவதும் அடைக்கும் ஹெட்போன் இருந்தது. தலையை இரண்டு முறை ஆட்டினார். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அலமாரியின் மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். அந்தப் பெட்டி அன்றிலிருந்து படுக்கையறை மூலையில் திறந்தே கிடந்தது. ஏதோ சோதனைக்கு வந்த பெட்டி என்று அவர் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்.

வீட்டிலும் கதவு, விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் அவர் சோதித்து முடித்து மாட்டியவைதான். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி அதற்கேற்ப நடந்துகொள்ளும். விளக்கு, அந்த மேசை விளக்கைப் போலவே, இரண்டு நிமிடம் யாரும் அசையாவிட்டால் அணைந்துவிடும். இருவரும் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே, 'வீட்டில் ஒருவர் இருக்கிறார்' என்று அவள் போனில் தெரிந்தது. அவள் அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். சில வருடங்களாகத் தானும் இப்படித்தான் எண்ணிவந்தாள். திரையில் பார்க்கையில், தன் கடிதத்தை யாரோ உரக்கப் படித்துவிட்ட மாதிரி கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இணையதளத்தின் ஆசிரியர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடும் பெண்மணி, இந்த நிலைமையில் ஒரு வசதி இருப்பதை இரண்டாவது வாரம் கண்டுபிடித்தார். ஆள் இல்லாத அறையில் கருவிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று இதுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பார்க்க ஆள் வேண்டும். இப்போது ஆள் கிடைத்துவிட்டார். 'யாரும் இல்லாத அறை' என்ற பகுதி தொடங்கியது. தரை துடைக்கும் ரோபோ தனியாக இருக்கும்போது துடைப்பதில்லை என்றும், சுவரைப் பார்த்தபடி நாற்பது நிமிடம் நிற்கிறது என்றும் விமர்சகர் எழுதினார். ஆள் முன்னால் எப்போதும் காகிதத்தைக் கடித்த ஓர் அச்சு இயந்திரம் தனிமையில் இருநூறு பக்கங்களைப் பிசகில்லாமல் அச்சிட்டது. ஒரு கைக்கடிகாரம் தன் முதலாளியின் காலடிகளைப் பதினோரு முகவரிகளுக்கு அனுப்பிவிட்டு மணியைச் சரிபார்த்துக்கொண்டது. அவர் படத்தில் விழாததால் பெட்டிகள் தாமே திறந்துகொள்வதுபோல் இருந்த காணொளிகளின் கீழே, எடிட்டிங் பிரமாதம் என்று வாசகர்கள் எழுதினார்கள். படிப்பவர்கள் மூன்று மடங்கானார்கள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பெட்டியைப் பிரித்தார்.

மாதம் முடிய நான்கு நாட்கள் இருக்கும்போது, ஒரு வாரத்துப் பகுதிக்குத் தன் வீட்டையே எடுத்துக்கொண்டார். மனைவி வேலைக்குப் போனபின் மதியம் இரண்டு மணிக்கு, மைத்துனன் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டுப் போக, உள்ளே சோபாவில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தார். வீட்டில் யாரும் இல்லை என்று முடிவு செய்ய வீட்டுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. குளிர்சாதனம் நின்றது. தொலைக்காட்சி தன் வெளிச்சத்தைக் குறைத்து எதையோ புரட்டியது. பிறகு புத்தக அலமாரியில் இருந்த பேசும் ஸ்பீக்கர், தன்னிடம் கேட்கப்பட்டுத் தான் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை, பாடம் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. கேள்விகள் அவளுடையவை, குரல் மட்டும் அதனுடையது. நீலக் குடையை எங்கே வெச்சேன். இன்னைக்கு ஏன் இவ்வளவு அலுப்பா இருக்கு. தலையாட்டினா சரின்னுதானே அர்த்தம். ஒருத்தர் சமையலை ரெண்டு பேருக்கு ஆக்கினா மிச்சத்தை என்ன பண்றது. நான் போயிட்டா இவருக்குத் தெரியுமா.

கடைசிக் கேள்வியை அது நான்கு முறை சொன்னது. அவள் நான்கு முறை கேட்டிருக்க வேண்டும். விமர்சகர் வழக்கப்படி நேரத்தைக் குறித்தார், இரண்டு ஐம்பத்தாறு. பிறகு, தெரியும் என்று சத்தமாகச் சொன்னார். ஸ்பீக்கருக்குக் கேட்கவில்லை, அது மறுபடி குடையிலிருந்து ஆரம்பித்தது. படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். அதில் அவள் துணிகளும், பல் நிறம் ஒப்பிடும் சிறு தகடுகளும் இருந்தன. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

அவள் ஆறே முக்காலுக்கு வந்தாள். கதவு அவள் முகத்தைப் பார்த்துத் திறந்தது. விளக்கு எரிந்தது. சோபாவில் இருந்தவர் தெரிந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ போனா தெரியும்."

அவள் முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு அவரை. செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்தாள். பல்லின் நிறத்தை விசாரிக்கிற குரலில் கேட்டாள். "எத்தனை நாள் கழிச்சு?"

சோதித்துப் பார்க்காததை எழுதிப் பழக்கமில்லாதவர் என்பதால் அவர் யோசித்தார். "அன்னைக்கே. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு. நீ வரலைன்னா விளக்கு எரியாது."

"விளக்குக்காகவா?"

"இல்ல. எரியலைன்னா நான் உன்னைத் தேடுவேன். முன்னாடி அது பாட்டுக்கு எரிஞ்சுது, நான் தேடவே இல்ல."

"நீங்கதான் தலையாட்டினீங்களே."

"ஹெட்போன்ல ஓடின பாட்டுக்கு ஆட்டினேன். நீ சொன்னது காதுல விழல. என்ன சொன்னே?"

அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டாவது முறை சொன்னாள். ஆய்வகம், பொறுப்பு, தேதி, தனியாகப் போவது என்று நினைத்தது. அசையாமல் சொன்னதால் இரண்டு நிமிடத்தில் விளக்கு அணைந்தது. அவள் பேச்சை நிறுத்தாமல் வலது கையை மேலே தூக்கி ஒரு முறை ஆட்டினாள். விளக்கு எரிந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து சொன்னாள்.

மாதத்தின் கடைசி நாள் அந்த ஆய்வகத்துக்கு, வர இயலவில்லை என்று ஒரே வரியில் எழுதினாள். காரணம் குறிப்பிடவில்லை. பெட்டி உடனே அலமாரியின் மேல் ஏறவில்லை, ஒரு வருடம் போலக் கட்டிலின் அடியில் கிடந்து, பிறகு ஏறியது. 'யாரும் இல்லாத அறை' ஏழு வருடம் வந்தது. தன் வீட்டைப் பற்றிய பகுதியை மட்டும் விமர்சகர் எழுதித் தரவில்லை, ஆசிரியரும் கண்ணாடியைத் தேடுவதில் கேட்க மறந்துவிட்டார். மைத்துனன் ஒரு நாள் வந்து வரவேற்பறைச் சுவரில் சாதாரண சுவிட்ச் ஒன்று பொருத்தித் தந்தான். யார் அழுத்துகிறார்கள் என்று பார்க்காமல், அழுத்தினால் எரியும் சுவிட்ச் அது. அவர் அதைச் சோதித்து, நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னார். அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்றுவரை யாரும் உரிக்கவில்லை.

மாலைகளில் அவர் விசைப்பலகையில் தட்டுவார், அவள் எதிரில் உட்கார்ந்து படிப்பாள், போனில் வீட்டில் ஒருவர் என்று தெரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கையைத் தூக்கி ஆட்டுவாள். வீட்டுக்கு வந்தவர்கள் கொசு என்று நினைத்துக்கொண்டு தாங்களும் ஒரு முறை காற்றில் கை வீசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.